ஒரு மாதச் சம்பளத்துக்கு ஒரு கார்டு

"தம்பி, ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு ஒரு அட்டையாம். அது என்ன, தங்கத்துலயா செஞ்சிருக்கு?"

அக்கா தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது நான் ஷா ஆலாமில் வேலையில் இருந்தேன். எஸ்பிஎம் முடித்துவிட்டு அனிமேஷன் டிப்ளோமாவில் சேரக் காத்திருக்கும் அவர் மகன் வீட்டில் ஒரே பிடிவாதம். பழைய கணினியில் முப்பரிமாணப் படம் செய்ய முடியவில்லை, கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்கிறான்.

அக்கா குடும்பம் இருப்பது புக்கிட் ரோத்தான் பக்கம். அத்தான் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். அக்காவுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. பையன் கேட்கும் பொருளோ ஏறக்குறைய அந்த ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். அத்தான் மூன்று மாதம் ஓவர்டைம் செய்து சேர்த்த 1,500 வெள்ளி ஓர் உறைக்குள் தயாராக இருந்தது.

"நீதான் கம்ப்யூட்டர் ஆளு. கூட்டிட்டுப் போய் வாங்கிக் கொடு. ஆனா முன்ன உனக்கு நடந்த மாதிரி ஆகிடக் கூடாது" என்றார் அக்கா.

எனக்கு நடந்ததைப் பிறகு சொல்கிறேன். பல தமிழ்க் குடும்பங்களில் இப்போது இதே பேச்சு நடப்பதால், அந்த ஒரு மாத காலத்தில் நானும் மருமகனும் அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கார்டு என்ன வேலை செய்கிறது?

அத்தானுக்கு நான் விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். கணினியின் மூளையான செயலி, தோட்டத்தில் எல்லா வேலையும் தெரிந்த நாலைந்து அனுபவசாலிகளைப் போன்றது. எதைக் கொடுத்தாலும் செய்வார்கள், ஆனால் ஆள் குறைவு. கிராஃபிக்ஸ் கார்டு என்பது ஒரே வேலையை ஒரே நேரத்தில் செய்யும் பெரிய கும்பல். திரையில் லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும் என்றால் அந்தக் கும்பல்தான் தேவை. இன்று நடுத்தர விலையில் விற்கும் ஆர்டிஎக்ஸ் 5060 கார்டில் 3,840 சிறு கணக்கீட்டு அலகுகள் உள்ளன.

ஆனால் எத்தனை பேர் குலை வெட்டினாலும், ஏற்றிப் போகும் லாரி சின்னதாக இருந்தால் வேலை நின்றுவிடும். அந்த லாரிதான் கார்டில் உள்ள நினைவகம். அதை ஜிபி கணக்கில் சொல்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கும்பலின் பெயரைப் பார்க்கிறார்கள், லாரியின் அளவைப் பார்ப்பதில்லை. எங்கள் கதையும் கடைசியில் அங்கேதான் போய் நின்றது.

மூவர் போட்டி

இந்தச் சந்தையில் இருப்பவர்கள் மூவர். 1993-இல் தொடங்கிய என்விடியா முதலாவது. 2006-இல் கனடாவின் ஏடிஐ நிறுவனத்தை வாங்கி உள்ளே வந்த ஏஎம்டி இரண்டாவது. 2022-இல் ஆர்க் என்ற பெயரில் களமிறங்கிய இன்டெல் மூன்றாவது. என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங்கும் ஏஎம்டியின் தலைவர் லிசா சூவும் தைவானில் பிறந்தவர்கள், தூரத்து உறவினர்களும்கூட. உறவுக்குள் நடக்கும் வியாபாரச் சண்டை நமக்குப் புதிதல்லவே!

நம் நாட்டுக்கும் இதில் தொடர்பு உண்டு. இன்டெலும் ஏஎம்டியும் 1972-இல் பினாங்கில் ஆலை திறந்தவை. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் ஆலையே அதுதான். ஏஎம்டியின் பினாங்கு ஆலை 2016 முதல் ஒரு சீனக் கூட்டாளியுடன் சேர்ந்து நடக்கிறது. ஏஎம்டி செயலிகள் பலவற்றின் மேல் 'மேட் இன் மலேசியா' என்று பொறித்திருப்பதை மருமகனிடம் காட்டியபோது அவன் நம்பவில்லை.

போட்டி இருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு இரண்டு சம்பவங்களைச் சொல்லலாம்.

2016 ஜூன் 29-இல் ஏஎம்டி, ஆர்எக்ஸ் 480 என்ற கார்டை 199 டாலருக்கு வெளியிட்டது. மூன்றே வாரத்தில் என்விடியா, ஜிடிஎக்ஸ் 1060 கார்டை 249 டாலருக்கு இறக்கியது. சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் இரண்டு நல்ல கார்டுகள் நேருக்கு நேர் நின்றன.

2019-இல் நடந்தது இன்னும் சுவையானது. ஏஎம்டி, ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி கார்டுக்கு 449 டாலர் என்று அறிவித்தது. அது கடைக்கு வருவதற்குள் என்விடியா தன் புதிய 'சூப்பர்' கார்டுகளை 399, 499 டாலர் விலைகளில் அறிவித்தது. உடனே ஏஎம்டி, விற்பனை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, தன் விலையை 399 ஆகக் குறைத்துவிட்டது. கார்டில் எந்த மாற்றமும் இல்லை. எதிரே ஒரு போட்டியாளர் நின்றதற்காகவே வாங்குபவருக்கு 50 டாலர் மிச்சம்.

என் முதல் சம்பளக் கதை

போட்டி உதவாத காலமும் வந்தது. கோவிட் காலத்தில் சில்லுகளுக்குப் பற்றாக்குறை. அதே நேரத்தில் எத்தீரியம் என்ற மின்னியல் நாணயத்தை உருவாக்க கிராஃபிக்ஸ் கார்டுகளை இரவும் பகலும் ஓட்டிப் பணம் பண்ணத் தொடங்கினார்கள். 2021 பிப்ரவரியில் 329 டாலர் விலையோடு வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு, கடைகளில் அதைவிட மிக உயர்ந்த விலைக்குப் போனது. என்விடியா, ஏஎம்டி இரண்டின் சரக்கும் வந்த வேகத்தில் தீர்ந்தது. வந்ததெல்லாம் விற்றுப்போகும்போது யார் விலையைக் குறைப்பார்கள்?

அப்போதுதான் நான் வேலையில் சேர்ந்திருந்தேன். விலை இறங்கட்டும் என்று காத்திருந்தேன். 2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதன் பிறகு நாணயம் உருவாக்க கார்டு தேவையில்லை என்றானது. பயன்படுத்திய கார்டுகள் சந்தையில் குவிந்தன. இணையத்தில் ஒரு விளம்பரம் பார்த்து, ராவாங் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில், இரவு ஒன்பது மணிக்கு, 900 வெள்ளி கொடுத்து ஒரு கார்டை வாங்கினேன். ஓட்டிப் பார்க்கவில்லை. 'வீட்டுல கேம் மட்டும்தான் விளையாடினேன் அண்ணே' என்றவரை அப்படியே நம்பினேன்.

நான்காவது மாதம் திரையில் கோடு கோடாக வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்து, மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் சூட்டில் ஓடிய கார்டு என்றார். விற்றவரின் எண்ணைக் கூப்பிட்டேன், இணைப்பு இல்லை. நான் வீட்டுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த பணம் அது. அக்கா இன்றுவரை மறக்கவில்லை. நானும்தான்.

இப்போது ஏன் விலை இறங்கவில்லை?

நாணயக் காய்ச்சல் போய்விட்டது. மூன்றாவது போட்டியாளரும் வந்துவிட்டார். ஆனாலும் விலை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. என்விடியாவின் வருமானக் கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும்.

2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் அந்நிறுவனத்தின் மொத்த வருமானம் 130.5 பில்லியன் டாலர். அதில் 115 பில்லியன், செயற்கை நுண்ணறிவை ஓட்டும் தரவு மையங்களிலிருந்து வந்தது. விளையாட்டுக் கார்டுகளின் பங்கு 11.4 பில்லியன்தான், நூற்றுக்கு ஒன்பது. ஜொகூர் கூலாயில் ஒய்டிஎல் நிறுவனம் என்விடியாவோடு சேர்ந்து அமைக்கும் தரவு மையம் 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அங்கே போகும் சில்லுகளுக்கு முன்னால் புக்கிட் ரோத்தான் பையனின் ஒரு கார்டு எம்மாத்திரம்?

இன்னொன்று, இம்மூன்று நிறுவனங்களின் இன்றைய கிராஃபிக்ஸ் சில்லுகளையும் வார்த்துத் தருவது தைவானின் டிஎஸ்எம்சி ஆலைகளே. எதிரிகள் மூவர், பட்டறை ஒன்று. 2025 முதல் காலாண்டில் தனியாக விற்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளில் 92 விழுக்காடு என்விடியாவுடையது என்கிறது ஜான் பெடி ரிசர்ச் ஆய்வு நிறுவனம். 2025 ஜூலையில் என்விடியாவின் சந்தை மதிப்பு 4 டிரில்லியன் டாலரைத் தொட்டது. இவ்வளவு உயரத்தில் இருப்பவருக்கு விலையைக் குறைக்கும் அவசரம் இருக்காது.

போட்டி இன்னும் உயிரோடு இருப்பது நடுத்தரக் கார்டுகளில்தான். ஒரு டாலர் 4 வெள்ளி 25 காசு என்று வைத்துக்கொண்டு நானும் மருமகனும் தாளில் எழுதிப் பார்த்தோம். இன்டெல் ஆர்க் பி580, 12 ஜிபி, 249 டாலர்: சுமார் 1,060 வெள்ளி. என்விடியா ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிபி, 299 டாலர்: சுமார் 1,270 வெள்ளி. ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி, 349 டாலர்: சுமார் 1,480 வெள்ளி. இவை நிறுவனங்கள் அறிவித்த விலைகள். கடையில் இதற்கு மேலேயே இருக்கும். மூன்று விசிறி, வண்ண விளக்கு என்று போனால் இன்னும் ஏறும். அந்த விளக்குகளால் வேகம் கூடாது.

பெயரில் உள்ள வலை

அலைந்ததில் நான் கற்ற முக்கியமான பாடம், பெட்டியில் உள்ள பெயரை மட்டும் நம்பக் கூடாது என்பதே.

2016-இல் ஜிடிஎக்ஸ் 1060 என்ற ஒரே பெயரில் 6 ஜிபி, 3 ஜிபி என இரண்டு கார்டுகள் வந்தன. நினைவகம் மட்டும் குறைவு என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் சிறியதில் கணக்கீட்டு அலகுகளும் குறைவு. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் தரத்தில் வெகுவாக வேறுபட்ட இரண்டு கார்டுகளை என்விடியா அறிவித்தது. எதிர்ப்பு வலுக்கவே, 12 ஜிபி கார்டை வெளியிடாமல் மீட்டுக்கொண்டது. அதே கார்டு மறு ஆண்டு ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரோடு, முன்பு சொன்னதைவிட 100 டாலர் குறைவாகக் கடைக்கு வந்தது. இந்த முறை விலையைக் குறைக்க வைத்தது போட்டி நிறுவனம் அல்ல, வாங்குபவர்களின் வாய்.

ஏஎம்டியும் சளைத்ததல்ல. இப்போதைய ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் ஒரே பெயரில் விற்கிறது.

வேகத்தைப் பற்றிய பேச்சிலும் கவனம் தேவை. 2025 ஜனவரியில், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு, 1,599 டாலருக்கு வந்த 4090-க்கு இணையான வேகம் தரும் என்று ஜென்சன் ஹுவாங் மேடையில் சொன்னார். கைதட்டல் பறந்தது. அது, கார்டு உண்மையாக வரையும் படங்களுக்கு நடுவே செயற்கை நுண்ணறிவு ஊகித்துச் செருகும் படங்களையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. விளையாட்டில் காட்சி வழுக்கிக்கொண்டு போக அது உதவும். முப்பரிமாணப் படத்தைக் கணக்கிட்டு முடிக்கும் வேலைக்கு உதவாது.

பெட்டியைத் திறந்து பார்த்தோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் மருமகனின் கணினியைத் திறந்தேன். 2017-இல் ஊரில் ஒருவர் பொருத்திக் கொடுத்தது. இன்டெல் 7-ஆம் தலைமுறைச் செயலி. 400 வாட் என்று எழுதிய, பெயர் தெரியாத மின் வழங்கி.

தாளில் எழுதியிருந்த மூன்றும் அங்கேயே ஒவ்வொன்றாகத் தடுக்கின. விலையில் மலிவான ஆர்க் பி580 நன்றாக ஓட 10-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும் என்று இன்டெலே சொல்கிறது. இந்தக் கணினியில் போட்டால் வேகத்தில் ஒரு பகுதி வீணாகும். ஆர்டிஎக்ஸ் 5060, தாய்ப்பலகையோடு 8 பாதைகளில்தான் பேசும். பழைய பலகையில் அந்தப் பாதைகள் மெதுவானவை, நினைவகமும் 8 ஜிபிதான். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி விளையாட்டுக்கு அருமை. ஆனால் மருமகன் பழகும் பிளெண்டர் மென்பொருளில் அதே விலையுள்ள என்விடியா கார்டு பெரும்பாலும் வேலையைச் சீக்கிரம் முடிக்கிறது. 2006-இல் அறிவித்த கூடா மென்பொருளை என்விடியா விடாமல் வளர்த்ததன் பலன் அது. தவிர, அதை வாங்கினால் மின் வழங்கி மாற்றக் காசு மிஞ்சாது.

"அப்ப எதத்தான் வாங்கறது மாமா?" முகம் வாடிவிட்டது.

"பயன்படுத்திய 3060. அதுல 12 ஜிபி இருக்கு, 16 பாதை இருக்கு, உன் பிளெண்டருக்கும் ஏத்தது."

"பழசா?"

அவன் கூட்டாளி வாங்கிய புதுப் பெட்டியும் வண்ண விளக்கும் அவன் கண்ணில் தெரிந்தன. அக்காவோ என்னையே பார்த்தார். 900 வெள்ளி போனது அவருக்கு நினைவு வந்திருக்கும்.

"இந்தத் தடவை ஓட்டிப் பார்க்காம காசு கொடுக்க மாட்டேன் அக்கா" என்றேன்.

முதலில் ஈஜோக்கில் ஒருவர் 650 வெள்ளி கேட்டார். மற்றவர்களைவிட நூறு வெள்ளிக்கு மேல் குறைவு. அவர் கணினியில் ஜிபியு-இசட் என்ற இலவச நிரலைத் திறக்கச் சொன்னோம். நினைவகம் 8 ஜிபி என்று காட்டியது. 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற அதே பெயரில் வந்த குறைந்த ரகம் அது. நினைவகப் பாதை குறுகலானது, வேகமும் குறைவு. விற்றவர் ஏமாற்றப் பார்க்கவில்லை, அவருக்கே தெரியாது. நன்றி சொல்லிவிட்டு வந்தோம். காரில் வரும்போது மருமகன் மெதுவாகக் கேட்டான்: "மாமா, பார்க்காம வாங்கியிருந்தா?" பழைய கார்டு என்ற வருத்தம் அதோடு போய்விட்டது. அதன் பிறகு எல்லாவற்றையும் அவனே சோதிக்க ஆரம்பித்தான்.

அடுத்த வாரம் புஞ்சாக் ஆலாமில் ஓர் இளைஞர் தம் வீட்டுக்கே வரச் சொன்னார். கடை ரசீது வைத்திருந்தார். அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டவும் விட்டார். வெப்பம் 70 பாகையைத் தாண்டவில்லை. திரையில் கோடு இல்லை, விசிறியில் இரைச்சல் இல்லை. 12 ஜிபி. 780 வெள்ளிக்குப் பேசி முடித்தோம்.

நல்ல மின் வழங்கிக்கு 230, கணினியின் நினைவகத்தைக் கூட்ட 140, இடிமழைக்கு மின்தாக்கம் தடுக்கும் நீட்சிக்கம்பிக்கு 45. மொத்தம் 1,195 வெள்ளி. மீதி 305 வெள்ளியை உறையோடு அக்காவிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, தேறிட்ட" என்றார்.

வாங்கப் போகிறவர்களுக்கு

முதலில் என்ன வேலைக்கு என்று பிள்ளையிடம் கேளுங்கள். எழுத்துவேலைக்கும் இணைய வகுப்புக்கும் தனிக் கார்டே தேவையில்லை.

விலை கேட்கும் முன் வீட்டிலுள்ள கணினியின் வயதையும் மின் வழங்கியின் வாட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மின் வழங்கி சிறியதாக இருந்தால், 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி போன்ற, தனி மின்கம்பி கேட்காத கார்டுகளும் உண்டு.

பெயரோடு ஜிபியையும் சேர்த்தே கேளுங்கள். ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

நிறுவனத்தின் மேடைப்பேச்சை விட்டுவிட்டு, நீங்கள் பயன்படுத்தப்போகும் மென்பொருளிலோ விளையாட்டிலோ மற்றவர்கள் சோதித்த முடிவைப் பாருங்கள். ஒரு பெயருக்கே விசுவாசமாக இருக்காதீர்கள். போன ஆண்டு நல்லதாக இருந்த பெயர் இந்த ஆண்டு விலை கூடிய பெயராக இருக்கலாம். வாங்குபவர்கள் இடம் மாறுவார்கள் என்ற பயம் இருக்கும்வரைதான் போட்டி நமக்கு உதவும்.

பயன்படுத்தியது என்றால் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். பெட்ரோல் நிலையத்தில் வாங்காதீர்கள்.

லோ யாட் பிளாசாவானாலும் பக்கத்து ஊர்க் கடையானாலும் உள்நாட்டு உத்தரவாதம் உண்டா என்று கேளுங்கள். கடையில் வாங்கிய பொருளில் தகராறு வந்தால் 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போடலாம். 50,000 வெள்ளி வரையான கோரிக்கையை அங்கே விசாரிக்கிறார்கள்.

போன வாரம் மறுபடியும் அக்கா வீட்டுக்குப் போனேன். மருமகன் முதல் படத்தை முடித்திருந்தான். கம்போங் குவாந்தான் ஆற்றங்கரை, இருட்டு, பெரெம்பாங் மரம், அதில் ஆயிரக்கணக்கான மின்மினிகள். இரவெல்லாம் ஓடியதாம். நினைவகத்தில் 9 ஜிபி நிரம்பியதைப் பெருமையாகக் காட்டினான். 8 ஜிபி கார்டாக இருந்தால் திணறியிருக்கும்.

தோட்டத்திலிருந்து வந்த அத்தான் சட்டையைக்கூட மாற்றாமல் பின்னால் நின்று பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஆத்துல அப்படி இல்லடா. ஒவ்வொண்ணும் தனித்தனியா மின்னாது. மரம் முழுக்க ஒண்ணா மின்னி, ஒண்ணா அணையும்."

பையன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான்.